முகூர்த்தத்தன்று நிறுத்திய சிரப்

மருத்துவமனை, ஆறாவது மாடி
2 செப்டம்பர் 2024

அன்புள்ள ரக்ஷனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே வந்த மறுநாள் நர்ஸ் ஷாஹித், "அங்கிள், ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க, பஸ்ஸை நிறுத்துற மாதிரி" என்றார். நீட்டினேன். நான் பாட்டுக்குச் சும்மாதான் இருந்தேன், கை இரண்டும் தாமாக மேலும் கீழும் அடித்துக்கொண்டன. எதிர்க்கட்டில் சீனப் பெரியவர் நான் அவருக்கு டாட்டா காட்டுவதாக நினைத்து, ஊசி குத்திய கையாலேயே பதில் டாட்டா காட்டினார். மாலையில் அவரைப் பார்க்க வந்த குடும்பமே வரிசையாக நின்று காட்டியது. இப்போது என் கை அடங்கிவிட்டது. நான் கண்டுகொள்வதில்லை என்று அவருக்குத்தான் வருத்தம்.

என் நம்பரை நீ பிளாக் செய்திருப்பது தெரியும். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை என்று நினைக்கிறேன். அதனால் ஷாஹித்திடம் தாள் வாங்கி எழுதுகிறேன். இந்தக் காலத்தில் ஒரே சிங்கப்பூருக்குள் ஆங் மோ கியோக்காரன் புக்கிட் பாஞ்சாங்குக்குக் கடிதம் எழுதுகிறான் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

உன் கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்கு வரவில்லையே என்று கடை முதலாளியே பஃப்ளோ ரோட்டிலிருந்து வந்து கதவைத் தட்டினாராம். திறந்து, "என்ன வேணும், மல்லியா மிளகாயா?" என்று அவரையே கேட்டேனாம். அவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

சனிக்கிழமை மாலை வேட்டிக்கு இஸ்திரி போட்டது வரை எனக்குத் தெளிவாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்தால் கொஞ்சம் மேளச் சத்தம், கொஞ்சம் ஹோமப் புகை, அவ்வளவுதான். உன் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "இப்படிப் பண்ணிட்டீங்களேண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

குடிக்கவில்லை என்று சத்தியம் செய்யத்தான் பேனாவை எடுத்தேன். ஞாபகமே இல்லாதவன் எதை வைத்துச் சத்தியம் செய்வது? ரத்தத்தில் ஏதாவது தெரிந்ததா என்று ஷாஹித்திடம் கேட்டேன். "இல்ல அங்கிள். ஆனா நீங்க வந்தது செவ்வாய்க்கிழமை லா. ஞாயித்துக்கிழமை குடிச்சிருந்தா அதுக்குள்ள போயிருக்கும்" என்றார். நல்ல பையன். ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்லவில்லை.

ஆறு வருஷமாக ஒரு சொட்டு தொட்டதில்லை, அது உறுதி. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எனக்கே என் மேல் சந்தேகம். நான் என்ன செய்தேன் என்று எழுது. திட்டி எழுதினாலும் சரி. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

அப்பா (அழகேசன் என்று போட்டால் பேங்க் கடிதம் மாதிரி இருக்கும்)


புக்கிட் பாஞ்சாங்
8 செப்டம்பர் 2024

அப்பா,

கேட்டதால் எழுதுகிறேன். ஒரே ஒரு தடவைதான் எழுதுவேன்.

அம்மா இல்லாததால் கன்னிகாதானத்துக்குச் சித்தப்பாவும் சித்தியும் உட்காரட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், சித்தப்பாவே சொன்னார். நான்தான் "எங்க அப்பாதான் உட்காரணும்" என்று நின்றேன். அய்யரிடம் இரண்டு தடவை போய்ப் பேசினேன். கடைசியில் அவர், பக்கத்து மணையில் அம்மாவின் புடவையை மடித்து வைத்துக்கொள்ளலாம் என்றார். "அவருக்கு முன்னாடி குடிப்பழக்கம் இருந்துச்சாமே" என்று ஸ்ரீநாத்தின் பெரியப்பா கேட்டபோது, "எங்க அப்பா இப்ப நல்லா இருக்காரு" என்று நான்தான் சொன்னேன்.

அந்த நல்லா இருக்கிற அப்பா காலையில் சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். மாற்றிவிட்டது ஸ்ரீநாத். நான் மணையில் வந்து உட்காரும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அய்யர் மூன்று தடவை சொல்லிக்கொடுத்தும் என் பெயர் வர வேண்டிய இடத்தில் அம்மா பெயரைச் சொன்னீர்கள். சிரித்தீர்கள். தாரை வார்க்கும்போது செம்பைப் பிடிக்க முடியவில்லை, பாதித் தண்ணீர் என் மடியில். என் கையை எடுத்து ஸ்ரீநாத் கையில் வைத்துவிட்டு, அந்தப் புடவையைப் பார்த்து, "தங்கம், நீ சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். மைக் பக்கத்தில் இருந்தது.

முந்நூறு பேருக்குக் கேட்டது. ஸ்ரீநாத்தின் பெரியப்பா சத்தமாகவே சொன்னார்: "பொண்ணோட அப்பா காலையிலேயே ஏத்திட்டாரு போல."

ஆறு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் ஈரல் கெட்டுவிட்டது, சிரோசிஸ் என்று சொன்ன அன்று, கட்டிலில் படுத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்றீர்கள். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஊரையும் நம்பச் சொன்னேன். அதுதான் என் தப்பு.

இனி எழுத வேண்டாம்.

ரக்ஷனா


ஆங் மோ கியோ
14 செப்டம்பர் 2024

அன்புள்ள ரக்ஷனாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். கவருக்குப் பின்னால் உன் முகவரியையும் தபால் எண்ணையும் அழகாக எழுதியிருந்தாய். எனக்கு வசதியானதை நான் எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் அம்மா பெயரைச் சொல்லி ஸ்ரீநாத்துக்குத் தாரை வார்க்கப் பார்த்திருக்கிறேன். அவள் இருந்திருந்தால் மணையிலேயே என் தொடையைக் கிள்ளியிருப்பாள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சிரிக்க எனக்கு வரவில்லை.

உன் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டுக்கே போனேன். ஷாஹித்துக்குத் தமிழ் படிக்க வராது, நானே வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, "அங்கிள், கல்யாணத்துக்கு முந்தின ரெண்டு நாளு சிரப் குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

குடிக்கவில்லை. இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். மகளுக்கு எழுதுகிற விஷயமா என்று கூச்சம். இருந்தாலும் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் எனக்கு ஒரு இனிப்பு சிரப் கொடுத்தார்கள். டாக்டரம்மா ஆங்கிலத்தில் கால் மணி நேரம் விளக்கினார். நான் மரியாதைக்கு "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன். எனக்கு விளங்கியது "டாய்லெட்" என்ற ஒரு வார்த்தைதான். மலச்சிக்கல் மருந்து, என் வயசுக்காரர்களுக்கு எல்லாம் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டேன். குடித்தால் ஒரு நாளைக்கு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். அதுவும் சொல்லிக்கொண்டு வராது.

கல்யாண ஒத்திகைக்கு மண்டபத்துக்குப் போன அன்று மணையிலிருந்து கழிவறை வரை நடந்து பார்த்தேன். எழுபத்திரண்டு அடி, நடுவில் செருப்புப் போடும் இடம் வேறு. பெண்ணின் அப்பா முகூர்த்தத்துக்கு நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முந்நூறு பேரைத் தாண்டி ஓடினால் எப்படி இருக்கும்? உனக்குக் கேவலம் வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சிரப்பை நிறுத்திவிட்டேன். அது போதாது என்று விரதம். தானம் கொடுக்கும்வரை பெண்ணைப் பெற்றவர்கள் சாப்பிடக்கூடாது இல்லையா? உன் அம்மாவின் பங்கையும் சேர்த்து நானே இருந்துவிடலாம் என்று சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை.

ஷாஹித் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்கிள், அது மலச்சிக்கல் மருந்து இல்ல. உங்க ஈரல் பாதி வேலைதான் செய்யுது. உடம்புல சேர்ற அழுக்கை அதால முழுசா எடுக்க முடியாது. அது ரத்தத்துல ஏறி மூளைக்குப் போயிடும். உங்க பிளாக்ல குப்பை கொட்டுற குழாய், ரப்பிஷ் சூட், இருக்குல்ல? ரெண்டு நாளு அடைச்சுக்கிட்டா பதினோராவது மாடி வரைக்கும் நாறும். சிரப்தான் அந்த சூட்டைத் திறந்து வைக்குது. நீங்க அதை அடைச்சு, பட்டினியும் கிடந்திருக்கீங்க. உடம்பு என்ன பண்ணும்?" தூக்கம், குழறல், பெயர் மாறுவது, கை அடித்துக்கொள்வது எல்லாம் அதனால்தானாம். பார்க்கிறவர்களுக்குக் குடித்த மாதிரியேதான் இருக்குமாம்.

அன்று நான் குடிக்கவில்லை, ரக்ஷனா. குடிக்க வேண்டியதைக் குடிக்காமல் போனேன். இதற்கு என்னிடம் சாட்சி யாரும் இல்லை.

அப்பா


புக்கிட் பாஞ்சாங்
22 செப்டம்பர் 2024

அப்பா,

எனக்குப் பன்னிரண்டு வயதில் உங்கள் மேல் வாடை அடித்தபோது, "இருமல் சிரப் குடிச்சேன்மா" என்றீர்கள். ஒரு வருஷம் நம்பினேன். பள்ளியில் இருமுகிற தோழியிடம், "எங்க அப்பா குடிக்கிற மருந்து நல்ல ஸ்ட்ராங்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது இருபத்தொன்பது வயதில் இன்னொரு சிரப். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

இன்டர்நெட்டில் பார்த்தேன். நீங்கள் சொல்வது போல நடக்கும் என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் குடித்தாலும் அப்படித்தான் நடக்கும். எது நடந்தது என்று இன்டர்நெட் சொல்லாது.

ஸ்ரீநாத்திடம் காட்டினேன். "சட்டை மாத்திவிட்டது நான்தானே. சந்தன வாசனைதான் அடிச்சுது, வேற ஒண்ணும் இல்ல" என்கிறார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டால், "நீ அழுதுக்கிட்டு இருந்தே, எப்படிச் சொல்றது?" என்கிறார். அவருக்கு யாரையும் தப்பாகச் சொல்லத் தெரியாது. அதனால் அவர் சாட்சியை நான் பாதிதான் எடுத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்றே ஒன்று புரியவில்லை. அந்த மருந்து அப்படி இருந்தால் என்னிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அய்யரிடம் சொல்லி நடுவில் பத்து நிமிஷம் விட்டிருப்பேன். எழுந்து போனால் போகட்டுமே, கல்யாணமா நின்றுவிடும்? ஏன் சொல்லவில்லை?

இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள்? உப்பு? கேட்கிறேன் என்பதற்காக நம்பிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ரக்ஷனா


ஆங் மோ கியோ
29 செப்டம்பர் 2024

அன்புள்ள ரக்ஷனாவுக்கு,

முதலில் சாப்பாடு, அதுதான் எழுதச் சுலபம்.

நான் வேலை செய்வது மளிகைக் கடையில். காலையிலிருந்து மாலை வரை ஊறுகாய், அப்பளம், கருவாடு, நெத்திலி, மோர் மிளகாய். இதில் எதையும் நான் தொடக்கூடாது. உப்பு உடம்பில் தண்ணீரைத் தேக்கி வயிற்றை ஊத வைக்குமாம். அதனால் காலையில் கழிவறைக்குப் போய்வந்ததும் எடை பார்த்து எழுதுகிறேன். மளமளவென்று கூடினால் கிளினிக்குக்கு போன் போட வேண்டும். நேற்று ஒரு அம்மா, "நார்த்தங்காய் ஊறுகாய் நல்லா இருக்குமா?" என்று கேட்டார். "இருக்கும்னு சொல்றாங்க" என்றேன். முதலாளி என்னை முறைத்தார்.

இறைச்சி, முட்டை கெடுதல் என்று நானே முடிவுசெய்து இவ்வளவு காலம் கஞ்சியும் ரசமுமாக ஓட்டினேன் அல்லவா? அதுவும் தப்பாம். தசை கரைந்துபோகுமாம். இப்போது முட்டை, மீன், சோயா தவ்குவா எல்லாம் உண்டு. படுக்கப் போகுமுன் ரொட்டியும் பாலும் கட்டாயம். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் கிடக்கவே கூடாது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் பற்றிக் கேட்டேன். "பெருமாள்கிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க சாப்பிடுங்க" என்றார் ஷாஹித். பெருமாளுக்கு இப்படி ஒரு முஸ்லிம் சிபாரிசு வந்திருக்காது. லக்சா நூடுல்ஸில் அரைவேக்காட்டு சிப்பி கூடாது. முட்டி வலிக்கு நானாக வாங்கிப் போட்ட மாத்திரை கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த ஈரல் லேகியத்தைக் குப்பையில் போட்டாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க. இந்த நோய் போகாதாம். போகாத விருந்தாளியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற மாதிரி நடத்த வேண்டும், அவ்வளவுதான். சிரப் தினமும் மூன்று வேளை. கணக்கு மீறி ஓடினால் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், நானாக நிறுத்தக்கூடாது. கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது நான் எழுந்தால் முதலாளியே வழிவிடுகிறார்.

இனி நீ கேட்ட கேள்வி.

நீ எல்லாரிடமும் "எங்க அப்பா இப்ப நல்லா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு நாள் உன் மாமியார் வீட்டில் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். நீ நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னாய். அப்படி நீ என்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த நல்லா இருக்கிற ஆள் சிரப் குடித்துவிட்டு எழுபத்திரண்டு அடி ஓடுகிற ஆளாக இருந்தால் பேச்சு கெட்டுப்போகும் என்று தோன்றியது. ஒரே ஒரு காலை அந்த ஆளாக இருந்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்.

இருமல் சிரப் பொய்தான். நீ தோழியிடம் சொன்னது எனக்குத் தெரியாது. மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இனி உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன். தலையில் கை வைத்துச் சொல்ல நீ பக்கத்தில் இல்லை.

அக்டோபர் 16, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு எனக்குக் கிளினிக். சும்மா தகவலுக்கு.

அப்பா


புக்கிட் பாஞ்சாங்
8 அக்டோபர் 2024

அப்பா,

புதன்கிழமை லீவு போட்டிருக்கிறேன். டாக்டரிடம் உங்களை வைத்துக்கொண்டே கேட்பேன்: குடிக்காமல் ஒருவர் இப்படி ஆக முடியுமா, என் அப்பாவுக்கு என்ன நடந்தது? அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்துத்தான் தலை தீபாவளிக்கு நாங்கள் ஆங் மோ கியோ வருவதா, இங்கேயே இருப்பதா என்று முடிவு. ஸ்ரீநாத் இப்போதே வேட்டி வாங்கிவிட்டார். அவரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு போன் வந்தது. நீங்கள் அங்கே சேர்ந்த மறுநாள் சாயந்திரம் வார்டு வாசல் வரைக்கும் வந்தேன். நீங்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினீர்கள். நர்ஸ் ஒருவர், "ஏதாவது கேக்கணுமா?" என்றார். ஒரு கேள்விதான் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கேட்காமலே திரும்பிவிட்டேன்.

காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சிரப் குடித்துவிட்டு வாருங்கள். கழிவறை எங்கே என்று நான் பார்த்து வைக்கிறேன்.

ரக்ஷனா


ஆங் மோ கியோ
20 அக்டோபர் 2024

அன்புள்ள ரக்ஷனாவுக்கு,

நாலு நாள் முன்னால்தான் பார்த்தோம், தினமும் போனும் பேசுகிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் முடியாத விஷயம்.

டாக்டரம்மாவிடம் நீ கேட்ட தோரணையில் நானே ஒரு நிமிஷம் நடுங்கிவிட்டேன். அவர் பழைய ஃபைலை எடுத்து, ஆறு வருஷத்து ரத்தப் பரிசோதனையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டி, "அந்த ஒரு நாளைப் பத்தி என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா சிரப்பை நிறுத்திட்டுப் பட்டினி கிடந்தா இதுதான் நடக்கும். இதுக்குக் குடியே தேவையில்ல" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நீ எனக்குத் தமிழில் சொன்னாய். நான் "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன். "அப்பா, புரிஞ்சுதா, இல்ல சும்மா ஆட்டுறீங்களா?" என்று நீ அதட்டினாய். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நீ நோட்டை எடுத்து சிரப் எத்தனை மில்லி, ஸ்கேன் எப்போது, பயணம் போனால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாய். ஆறு வருஷம் நான் கேட்காததையெல்லாம் அரை மணி நேரத்தில் கேட்டாய்.

பிறகு முறுக்கு மாவு வாங்க லிட்டில் இந்தியாவுக்கு ரயில் ஏறினோம். அந்த ரயிலைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நீ வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாய்: "கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்கல்ல. என் கையைப் பிடிச்சுக் கொடுத்தீங்களே, அதாவது இருக்காப்பா?"

"அது எப்படிம்மா இல்லாமப் போகும்?" என்றேன்.

இறங்கும் வரை என் தோளில் சாய்ந்திருந்தாய். தலை தீபாவளிக்கு வருகிறோம் என்று அதற்குப் பிறகுதான் சொன்னாய்.

நான் சொன்னது பொய். இனி பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதி அன்றைக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. நீ சாய்ந்திருந்த சுகத்தில் அப்போதே திருத்த மனம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு வரமாட்டேன் என்றால் அதற்கும் உனக்கு நியாயம் இருக்கிறது. ஸ்ரீநாத்தை மட்டுமாவது அனுப்பு, வேட்டி வாங்கிவிட்டார் பாவம்.

எனக்கு அது ஞாபகம் இல்லை, ரக்ஷனா. நீ அனுப்பிய போட்டோவில் பார்த்தேன். என் கை இருக்கிறது, உன் கை இருக்கிறது, மாப்பிள்ளையின் கை இருக்கிறது, மேலே செம்புத் தண்ணீர் சிந்துகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் யாரோ ஒரு ஆள் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு செய்த மாதிரிதான் தெரிகிறது. ரயிலில் நீ கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்: ஊருக்கு முன்னால், முந்நூறு பேர் சாட்சியாக நான் உன்னைக் கொடுத்துவிட்டேன். எனக்கு மட்டும், நான் இன்னும் உன்னைக் கொடுக்கவே இல்லை.

அப்பா